களிமண் பிசைவது ஈமானுக்கு இழுக்கா?



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரர் என் கையைப் பற்றிக்கொண்டார். ஓயாத பதற்றத்தால் உறக்கமிழந்த தம் மகளை மனநல மருத்துவர் ஆக்குபேஷனல் தெரபிக்கு அனுப்பியிருக்கிறார். "அங்கே களிமண் பிசையச் சொல்கிறார்கள், ஹஜ்ரத். கனமான போர்வையைப் போர்த்துகிறார்கள். இதற்கா காசு? நிறுத்திவிட்டேன். நீங்கள் தண்ணீர் ஓதிக் கொடுங்கள், போதும்" என்றார்.

ஓதிக் கொடுத்தேன். ஆனால் "போதும்" என்ற சொல்லை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

விளையாட்டு என்று நாம் இகழ்வது எதை? தொடுதல், மணம், ஒலி, அசைவு, உடல்மீது படும் அழுத்தம் ஆகியவற்றை அளவறிந்து கொடுத்து, கொந்தளிக்கும் உடலையும் உள்ளத்தையும் அமைதிப்படுத்தும் முயற்சியை. ஒருவருக்கு இதமளிப்பது மற்றவருக்கு எரிச்சலூட்டும்; ஆகவேதான் பயிற்சி பெற்றவர் கவனித்துத் தேர்ந்தெடுக்கிறார். இது மருந்துக்கு மாற்று அன்று, துணை.

"மேற்கத்தியர் புகுத்தியது" என்பார் சிலர். இன்றைய துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எழுப்பிய மருத்துவமனை 1488இல் நிறைவுற்றது. அங்கே மனநோயாளர்கள் நீரூற்றின் ஓசையாலும் மலர்களின் மணத்தாலும் ஆற்றுப்படுத்தப்பட்டதைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி பதிவு செய்துள்ளார். அதற்கும் வெகுகாலம் முன்பே, 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் சேர்த்தெழுதினார். அவர்களுடைய ஈமான் குறைந்தா போயிற்று?

துயருற்றோருக்குத் தல்பீனா எனும் வாற்கோதுமைக் கஞ்சியைக் கொடுக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஏவியதை நாம் புகாரியில் ஓதவில்லையா? கவலைகொண்ட உள்ளத்திற்கு வெதுவெதுப்பான ஒரு கிண்ணமும் ஆறுதல் தரும் என்பதை நம் மார்க்கம் அறியும்.

கால் முறிந்தால் எக்ஸ்ரே எடுக்க ஓடுகிறோம். அப்போது எவரும் நம் தவக்குலைச் சந்தேகிப்பதில்லை. மனம் முறிந்தால் மட்டும் தொழுகை குறைந்ததா, ஜின் தீண்டியதா என்று விசாரிக்கிறோம். நோயால் துவண்ட பிள்ளையின் தோளில் குற்றவுணர்வையும் ஏற்றுவது எவ்வகைப் பக்தி? மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அல்லவா?

அந்தச் சகோதரருக்கும் அவரைப் போன்ற பெற்றோருக்கும் கூறுகிறேன்: துஆவையும் சிகிச்சையையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். அடுத்த வாரம் மகளை அழைத்துச் செல்லுங்கள். வழிநெடுக உங்கள் நாவு துஆ செய்யட்டும். அங்கே அவளுடைய கைகள் களிமண்ணைப் பிசையட்டும். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.