காசு வாங்கிய பிறகு கடை மாற்றலாமா?

மலரில் போய் விளையாட்டைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். இது காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

'ஃபீனிக்ஸ் பாயிண்ட்' என்று ஒரு கணினி விளையாட்டு. முறை வைத்துக் காய் நகர்த்தும் போர் ரகம். இதற்கென்று ஒரு சின்னக் கூட்டம்தான் உண்டு. 1994-இல் முதல் 'எக்ஸ்-காம்' விளையாட்டை உருவாக்கிய ஜூலியன் கோலப்தான் இதற்கும் தலைவர். 2017-இல் ரசிகர்களிடமே முன்பணம் திரட்டினார்கள். ஸ்டீம், ஜி.ஓ.ஜி. கடைகள் வழியாகத் தருவதாகப் பேச்சு. 2019 மார்ச்சில் திடீரென்று, முதல் ஒரு வருஷம் எபிக் கடையில் மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள்!

அவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கு. ஸ்டீம் வழக்கமாக நூற்றுக்கு 30 எடுக்கும். 2018 டிசம்பரில் கடை திறந்த எபிக், 12 போதும் என்றது. சின்னக் கம்பெனிக்கு அது பெரிய தொகை. வேண்டாம் என்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் சம்மதித்தார்கள். அதையும் சொல்லணும்.

ஆனா எல்லாரும் ஆடுகிற விளையாட்டு என்றால், பிடிக்காதவன் வேறொன்றைப் பார்த்துப் போவான். இந்த ரகம் அபூர்வமாகத்தான் வரும். இவன் எங்கே போவான்? அன்றைய எபிக் கடையில் வாங்கினவங்க நல்லது கெட்டது எழுத இடமில்லை. பல சாமான்களைச் சேர்த்து வாங்கக் கூடைகூட 2021 டிசம்பரில்தான் வந்தது!

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கணினி தெரியாது, தீபாவளிச் சீட்டு கட்டுவாங்க. இந்தக் கதையைச் சொன்னேன். "காசைத் திருப்பித் தந்தா சரியாப் போச்சா? ரெண்டு வருஷம் என் காசை வெச்சுத்தானே கடையே நடந்துச்சு?" என்று கேட்டாங்க.