முதலில் பஸ்: வட சிலாங்கூர் மக்களின் கொள்கைப் பிரகடனம்

புக்கிட் செந்தோசாவிலும் சுற்றியுள்ள தாமான்களிலும், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களிலும் வாழும் நாங்கள் இன்று ஓர் இயக்கமாகக் கூடியிருக்கிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே. வாகனப் புகையைக் குறைக்கும் அரசுத் திட்டம் எங்கள் வட்டாரத்தில் பஸ்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

தோட்டத்தில் இருந்தவரை எங்கள் பெற்றோருக்கு வண்டி தேவைப்படவில்லை. லயத்திலிருந்து பெரட்டுக்கு நடந்தார்கள். பள்ளி, கோயில், கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. தோட்டங்கள் கைமாறியபோது வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்றானது. 1990-களில் இங்கே வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. வேலைக்குப் போய்வரும் வழி மட்டும் அவரவர் பாடு. அதனால்தான் வீட்டுக்கு ஒரு மோட்டார், முடிந்தால் ஒரு பழைய கார். நாட்டின் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள். தேவையான பஸ் இல்லாததற்கு எங்கள் பிள்ளைகள் உயிரையே கொடுக்கிறார்கள்.

மின்ரயில் எங்களுக்குப் புதிதல்ல. கொம்யூட்டர் 2007-இல் ராசா வரையிலும், 2009-இல் தஞ்சோங் மாலிம் வரையிலும் வந்துவிட்டது. ஆனால் செரண்டா, பத்தாங் காலி, ராசா ஆகிய நிலையங்களில் ஒன்றுகூட எங்களுக்கு நடை தூரத்தில் இல்லை. நிலையத்துக்குப் போகவே மோட்டாரை எடுக்க வேண்டும். எடுத்தவர் அப்படியே ரவாங், கோலாலம்பூர் என்று போய்விடுகிறார். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களுக்கோ ரயிலே கிடையாது.

அரசின் கவனம் எங்கே இருந்தது? வாகனப் புகையைக் குறைக்க 2021-இல் வந்த அரசுத் திட்டம், 2025-க்குள் மின்கார்களுக்கு 10,000 மின்னேற்று முனைகள் என்று இலக்கு வைத்தது. இறக்குமதி மின்கார்களுக்கு 2025 இறுதிவரை வரிவிலக்கு இருந்தது. அந்தக் கார்களின் விலை ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது என்பதும் அப்போது விதியாக இருந்தது. ஷிப்ட்டுக்குப் போகும் எங்கள் பெண்களுக்கு இதில் என்ன கிடைத்தது? மின்கார் எங்களுக்குப் பகையல்ல. செரண்டாவில் பெரோடுவா, தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் என்று கார் செய்யும் ஊர்களுக்கு நடுவில் வாழ்கிறவர்கள் நாங்கள். ஆனால் பொதுப்பணம் முதலில் வண்டியில்லாதவரைச் சேர வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். முதல் ரயிலுக்கும் கடைசி ரயிலுக்கும், தொழிற்சாலை ஷிப்ட் நேரங்களுக்கும் ஒத்துப்போகும் பஸ் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அது ஓட வேண்டும். சிலாங்கூர் அரசு 2015-இல் இலவச பஸ்களை விட்டுக் காட்டியது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மின்பஸ்கள் வாங்கும்போது ஷா ஆலமும் பெட்டாலிங் ஜெயாவும் மட்டும் கண்ணில் படக் கூடாது. நிறுத்தங்களில் கூரையும் விளக்கும் வேண்டும்.

2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு மானிய விலையில் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். பஸ் வருமுன் அந்த மானியத்தில் கைவைப்பதை எதிர்ப்போம். பஸ் வந்து நிலைத்துவிட்டால், அதைக் குறைப்பது பற்றிப் பேச நாங்களே முன்வருவோம்.

தாமான்காரர்களே, தோட்டத்து உறவுகளே! நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம், ஏறும் இடம், இறங்கும் இடம் மூன்றையும் எங்களிடம் எழுதிக் கொடுங்கள். அவற்றைக் கொண்டே வழித்தடம் வரைந்து, உலு சிலாங்கூர், கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகங்களின் முன் வைப்போம். வீட்டுக்கு ஒருவராவது கூட வாருங்கள்.