கூலி வரும் நாளும் ஓய்ந்திருக்கும் நாளும்



அமெரிக்க நகரங்களில் அலுவலகங்களையும் கடைகளையும் குத்தகைக்குப் பேசி முடிக்கும் தரகர்களில் அநேகருக்கு மாதச் சம்பளம் இல்லை, கமிஷன் மட்டுமே. அங்கிருக்கும் உங்கள் மகனோ மகளோ அவ்வேலையில் சேர விரும்பினால், என்ன ஆலோசனை கூறுவீர்கள்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 2,00,000 டாலர் வாடகையில் 10 ஆண்டுக் குத்தகை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த வாடகை 20,00,000 டாலர்; 4 சதவீதம் கமிஷன் என்றால் 80,000. இரு தரப்புத் தரகர்களும் சமமாகப் பிரித்தால் 40,000. அதில் பாதி நிறுவனத்திற்குப் போனால் கையில் நிற்பது 20,000. அதுவும் பெரும்பாலும் இரு தவணையாகவே வரும்: கையெழுத்தாகும்போது ஒரு பாதி, வாடகைதாரர் குடிபுகும்போது மறுபாதி. இதற்குள் பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும் கடந்துவிடும். இடையில் நிறுவனம் முன்பணம் கொடுத்தாலும், அது பின்பு கமிஷனில் கழிக்கப்படும். அது சம்பளமன்று, கடனே.

ஆகையால் இத்தொழிலின் களைப்பு வேலைநேரத்தால் மட்டும் உண்டாவதன்று. அடுத்த கூலி எப்பொழுது வரும் என்று அறியாத மனம், "இன்றைக்குப் போதும்" என்று சொல்ல அஞ்சுகிறது. இரவு உணவின் நடுவே தொலைபேசி ஒலித்தால் எழுந்துபோகிறவனைப் பண ஆசைக்காரன் என்று நியாயந்தீர்க்காதிருங்கள். அவனை எழுப்புவது பெரும்பாலும் பயமே.

வனாந்தரத்தில் பெய்த மன்னாவை நினைத்துப்பாருங்கள். மற்ற நாட்களில் மிச்சம் வைத்தது கெட்டுப்போயிற்று. ஓய்வுநாளுக்கென்று ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்ததோ கெடவில்லை. ஓய்வு, வேலை தீர்ந்தபின் எஞ்சிய நேரமன்று. முந்தின நாளே அதற்கு ஆயத்தம் செய்யப்பட்டது.

எனவே கையில் சேமிப்பு இல்லாதவனிடம், "விசுவாசித்து ஓய்ந்திரு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அன்பாகாது என்பேன். அவனோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். வரவில்லாமல் எத்தனை மாதங்கள் தாங்க முடியும்? வேலையை விட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா? பெரிய கமிஷன் வரும்போது, வெறுமையான மாதங்களுக்கென்று எவ்வளவு எடுத்துவைப்பது? வாரத்தில் எந்த நாளில் தொலைபேசி அணைந்திருக்கும்? வேலையில் சேருமுன்னே இவற்றைக் குடும்பமாகத் தீர்மானியுங்கள்.

உங்கள் வரவையும் உங்கள் ஓய்வையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.