கொதிக்கும்போது திறக்காதீர்கள்!

குக்கரை அடுப்பிலிருந்து இறக்கிய மறு நிமிஷமே, ஆவி அடங்கு முன்பு, யாராவது மூடியைத் திறப்பார்களா? "இது ஒரு கேள்வியா? எங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!" என்பீர்கள். நல்லது. ஆனால் உங்கள் வீட்டுக் காருக்குள்ளும் அதே மாதிரி ஒரு குக்கர் இருக்கிறதே, அது தெரியுமோ? அதற்குப் பெயர்தான் ரேடியேட்டர்.

"மோட்டார் சமாசாரமெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரை ஓட்டுகிறவர் நீங்களாகவே இருக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவராக இருக்கலாம். எப்படியானாலும், நான் கண்ணால் பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்கினி நட்சத்திர வெயில். மறுநாள் காலை விழுப்புரத்தில் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணும் மற்றவர்களும் முதலிலேயே வேனில் போய்விட்டார்கள். சித்தப்பா, சித்தி, அவர்களுடைய பத்தொன்பது வயசுப் பிள்ளை, நான் ஆகிய நால்வரும் சென்னையிலிருந்து காரில் கிளம்பினோம். பத்து வருஷத்துக் கார். பின்னால் பட்சணத் தட்டுகளும் பழக்கூடைகளும். ஏ.சி. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அச்சிறுபாக்கம் தாண்டியதும் என்னவோ ஒரு தித்திப்பு வாசனை. "பட்சணம்தான் மணக்கிறது" என்றாள் சித்தி. எல்லோரும் சிரித்தோம். டாஷ்போர்டில் வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த ஐந்தாவது நிமிஷம் காரின் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று புகை! புகையல்ல, நீராவி.

காரை ஓரங்கட்டினோம். பிள்ளையாண்டான் ஒரே பாய்ச்சலாக இறங்கி, பானெட்டைத் தூக்கி, துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியின் மேல் கையை வைத்தான். "தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் அப்பா!"

"தம்பி! கையை எடு!"

இடி மாதிரி ஒரு குரல். எங்களுக்குப் பின்னால் லாரியை நிறுத்திவிட்டு ஓடி வந்த டிரைவர், பையனின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். பிறகு தம் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி வழவழவென்று ஒரு பழைய தழும்பு. "எனக்கும் இதே அவசரம்தான் தம்பி, இருபது வருஷத்துக்கு முன்னாடி" என்றார்.

சித்தி பேசவே இல்லை. பிள்ளையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த மூடிக்குள் அப்படி என்ன ஆபத்து? குக்கர் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. இறுக மூடி அழுத்தம் ஏற்றினால் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் தாங்கும். ரேடியேட்டர் மூடியும் ஏறக்குறைய குக்கர் வெயிட் அளவுக்கே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகிச் சீறிக்கொண்டு முகத்துக்கு வரும். துண்டு என்ன, கம்பளியே இருந்தாலும் தடுக்காது. இப்போது வரும் பல கார்களில் மூடி ரேடியேட்டரில் இல்லாமல் பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது. அதற்கும் இதே விதிதான்.

மோட்டாரும் தண்ணீரும் ஆதியிலிருந்தே இணைபிரியாத ஜோடி. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுடன் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டார். சுமார் நூறு கிலோமீட்டர் தூரம். அந்த வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழி நெடுக எங்கே தண்ணீர் கண்டாலும் நிறுத்தி நிறுத்தி ஊற்றிக்கொண்டு போனாராம்! பின்னர் 1901-இல் வெளிவந்த மெர்சிடிஸ் காருக்காக வில்ஹெல்ம் மேபாக் என்ற நிபுணர் 8,070 சின்னஞ்சிறு குழாய்களைத் தேன்கூடு போல அடுக்கினார். குழாய்களுக்குள் காற்று, சுற்றிலும் தண்ணீர். சூடான தண்ணீர் ஆறி, மறுபடி எஞ்சினுக்கே திரும்பியது. இன்றைய ரேடியேட்டருக்கும் அதுதான் தத்துவம்.

எங்கள் கதைக்கு வருவோம். முக்கால் மணி நேரம் புளிய மரத்தடியில் காத்திருந்து, எஞ்சின் ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினோம். மேலே ஊற்றியது கீழே ஒழுகிற்று. வாடகைக் காரில் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் கார் திண்டிவனத்தில் ஒரு பட்டறைக்குப் போயிற்று.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் பழைய ரேடியேட்டரைக் கழற்றி வைத்திருந்தார். மேல் தொட்டியில் மயிரிழை போல ஒரு விரிசல். உள்ளே எட்டிப் பார்த்தேன். வெந்நீர் அண்டாவின் அடியில் உப்புப் படியுமே, அதே வெள்ளைப் படலம்! சித்தப்பா வருஷக்கணக்காகப் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்.

"பற்றவைக்க முடியாதா?" என்று கேட்டேன். பழைய நாளில் ரேடியேட்டர் பித்தளையும் தாமிரமுமாக இருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். இப்போது பெரும்பாலும் நடுப்பாகம் அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் விரிந்தால், முழுசாக மாற்றுவதே புத்திசாலித்தனம் என்றார் அவர்.

ஆனால் சூடு ஏறினாலே ரேடியேட்டர்தான் குற்றவாளி என்று தீர்மானித்துவிடாதீர்கள். ஹோஸ் குழாய், மூடி, மின்விசிறி, தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்பு ஆகிய ஐந்தில் எது கெட்டாலும் இதே கோளாறுதான். "அழுத்தம் ஏற்றிப் பார்த்தீர்களா? எங்கே ஒழுகுகிறது?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். காய்கறிக் கடையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற நமக்கு இதில் என்ன கூச்சம்?

புதிய ரேடியேட்டர் பொருத்தியதும் வேலை முடிந்துவிடாது. பழைய ஹோஸ் குழாய்கள் உப்பியோ வெடித்தோ இருந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும். காரோடு வந்த புத்தகத்தில் சொன்ன கூலண்டைத்தான் ஊற்ற வேண்டும். கலக்க வேண்டிய வகையானால், வடிகட்டிய நீருடன் புத்தகம் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். ஊற்றிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றையெல்லாம் வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புது ரேடியேட்டரோடும் கார் கொதிக்கும்.

இன்னொன்று. கூலண்டில் பெரும்பாலும் எதிலீன் கிளைகால் என்ற விஷம் உண்டு. அதன் ருசி தித்திப்பு! குழந்தையோ நாயோ வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. வடித்த பழைய கூலண்டை வாசலில் கொட்டவோ, குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவோ கூடவே கூடாது.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை சிலவே. காரின் அடியில் சொட்டும் தெளிந்த தண்ணீர் ஏ.சி.யின் தண்ணீராகவே இருக்கும், கவலையில்லை. பச்சையாகவோ சிவப்பாகவோ சொட்டினாலும், தித்திப்பு வாசனை வந்தாலும் பட்டறைக்குப் போங்கள். முள் சிவப்பை நெருங்கினால், முள் இல்லாத காரில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஏ.சி.யை அணைத்து, பத்திரமான ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, ரேடியேட்டர் செலவைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும். மூடியைத் தொடவே வேண்டாம், ஆறட்டும்.

மறுநாள் மண்டபத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஹோமத்துக்கு முன்னால் மணப்பெண் நின்றாள். அவளுக்குப் பொரி எடுத்துக் கொடுக்கத் தம்பியைக் கூப்பிட்டார்கள். இரண்டு கையும் நிறையப் பொரியை அள்ளி அக்காவின் கையில் போட்டான். எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி மட்டும் பிள்ளையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.