நாற்பது வீட்டுப் பெட்டி



பயணிக்கு அல்லாஹ் தொழுகையையே குறைத்துக் கொடுத்தான். நான்கு ரக்அத்துகள் இரண்டாயின. தோல் காலுறையின் மீது மஸஹ் செய்ய ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும்தான். பயணிக்கோ மூன்று பகல்களும் மூன்று இரவுகளும். ரமளான் நோன்பைக்கூடப் பின்னர் நோற்றுக்கொள்ள இடமளித்தான். இவ்வாறு மார்க்கம் பயணியின் தோளிலிருந்து ஒவ்வொரு சுமையாக இறக்கி வைக்கிறது. நாமோ, உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் புறப்படுபவரின் தோளில் ஒவ்வொன்றாக ஏற்றி வைக்கிறோம். இதை வழக்கம் என்கிறோம், பாசம் என்கிறோம். இது அநியாயம் என்று சொல்ல இனியும் தயங்க வேண்டியதில்லை.

எங்கள் மஹல்லாவில் ஒரு தாய். அறுபது வயதைக் கடந்தவர், சர்க்கரை நோயாளி. வளைகுடாவில் உழைத்த மகன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் உம்ராவுக்கு அனுப்பி வைத்தார். புறப்படும் வாரத்தில் உறவினர்கள் வந்து முஸாஃபஹா செய்து, கையில் நூறும் இருநூறும் திணித்துச் சென்றார்கள். துஆவுக்காகக் கொடுத்தார்கள் என்றுதான் பார்ப்பவர் நினைப்பர். ஆனால் யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று பேத்தியின் பள்ளி நோட்டில் அந்தத் தாய் எழுதி வைத்துக்கொண்டார். ஏனெனில் ஒவ்வொரு நோட்டும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பது அவருக்குத் தெரியும். நோட்டில் மொத்தம் நாற்பது வீடுகள்.

மக்காவில் அவருடைய கடைசி இரவு எப்படிக் கழிந்தது? உடன் சென்றவர்கள் தவாஃபில் இருந்தபோது, இவர் தொழுகை விரிப்புகளுக்கும் தஸ்பீஹ் மாலைகளுக்கும் விலை பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் விமான நிலையத்தில் பெட்டியின் எடை மிகுந்துவிட்டது. அந்நிய ஆண்களும் பெண்களும் பார்க்க, தரையில் பெட்டியைத் திறந்தார்கள். தம்முடைய கம்பளியையும் இரண்டு மாற்றுடைகளையும் எடுத்து அங்கேயே விட்டுவிட்டு வந்தார். நாற்பது வீட்டுப் பொருட்கள் மட்டும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தன. "ஹஜ்ரத், கஅபாவைப் பார்த்த நேரத்தைவிடக் கடையைப் பார்த்த நேரம்தான் அதிகம்" என்று அவர் எம்மிடம் சொல்லி அழுதபோது எம்மால் பதில் சொல்ல இயலவில்லை.

பதில் சொல்ல இயலாததற்குக் காரணம் உண்டு. எம் வீட்டு அலமாரியில் பதினேழு முஸல்லாக்கள் உள்ளன. எல்லாம் ஹாஜிமார்கள் அன்போடு கொண்டுவந்து கொடுத்தவை. ஒன்றைக்கூட வேண்டாம் என்று நாம் மறுத்ததில்லை.

இனி இதைவிடக் கடுமையான ஒன்று. சைக்கிள் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் எம்மிடம் வந்தார். கணவன் மனைவி இருவரும் ஹஜ்ஜுக்குச் செல்லப் போதுமான பணம் சேர்ந்துவிட்டது. ஆனால் வழியனுப்பு விருந்துக்கும் திரும்பி வந்தபின் கொடுக்க வேண்டிய பொருட்களுக்கும் இன்னும் ஒன்றரை லட்சம் வேண்டும். ஆகவே அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இப்படியே மூன்று ஆண்டுகள் தள்ளிப் போயின. இன்று அவர் மனைவிக்கு மூட்டு தேய்ந்து, வீட்டு வாசற்படி இறங்கவே துணை தேவைப்படுகிறது.

ஹஜ் யார்மீது கடமை என்பதை ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. வழிச்செலவு, வாகனம், திரும்பி வரும்வரை தம் பொறுப்பில் உள்ளோருக்கான செலவு, உடல் வலிமை, வழிப் பாதுகாப்பு. இந்தப் பட்டியலில் நாற்பது வீட்டுக்கு முஸல்லா எங்கே இருக்கிறது? அல்லாஹ் விதிக்காத நிபந்தனையை நாம் விதித்து, அல்லாஹ் விதித்த கடமையை ஒருவர் தள்ளிப்போடக் காரணமாகிறோம். மறுமையில் இதற்கான விசாரணை அந்தச் சைக்கிள் கடைக்காரரோடு மட்டும் முடிந்துவிடும் என்று பொருள் கேட்கும் உறவினர்கள் எண்ணிக்கொண்டிருந்தால் அது அவர்களின் துணிச்சல்.

அன்பளிப்புக் கொடுப்பது சுன்னத் அல்லவா என்று கேட்கிறார்கள். ஆம், சுன்னத்தான். அண்டை வீட்டார் தரும் அன்பளிப்பு ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாகக் கருத வேண்டாம் என்று பெண்களுக்கு அறிவுறுத்தியவர்கள் நபி (ஸல்) அவர்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? "அவங்களுக்கு அபாயா, நமக்கு வெறும் தஸ்பீஹா?" என்ற முணுமுணுப்பு. அந்த ஹதீஸுக்கு நேர் எதிரான ஒன்றைச் செய்துகொண்டே அன்பளிப்பின் சிறப்பைப் பேசுகிறோம். வீடு தேடி வருபவருக்கு ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு ஜம்ஜமும் கொடுத்தால் அன்பளிப்பு நிறைவேறிவிட்டது. மற்றபடி, மக்காவில் வாங்கிச் சுமந்து வரும் விரிப்புகளிலும் மாலைகளிலும் பல சீனத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. அதே பொருட்கள் சென்னை மண்ணடியிலும் கிடைக்கின்றன.

சிலர் எதிர்த் திசையில் ஓடுவதும் உண்டு. "எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று மருந்துச் சீட்டுகூட இல்லாமல் கிளம்புகிறார்கள். யமன் நாட்டவர் சிலர் அக்காலத்தில் கட்டுச்சோறு இன்றி ஹஜ்ஜுக்கு வந்து, நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு, மக்காவில் மக்களிடம் கையேந்தினார்கள். வழிக்குத் தேவையானதை எடுத்துச் செல்லுங்கள் என்ற இறைவசனம் அதையொட்டியே அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. ஆக, தேவையானதை எடுக்காமல் செல்வதும் தவறு. தேவை எது என்பதுதான் கேள்வி.

அதற்கும் புகாரியிலேயே ஓர் அழகான செய்தி இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்கள் ஒட்டகச் சேணத்தின் மீதமர்ந்து ஹஜ் செய்தார்கள், அவர்கள் கஞ்சரல்லர். நபி (ஸல்) அவர்களும் அவ்வாறே ஹஜ் செய்ததாகவும், அவர்களுடைய பயணப் பொருட்களைச் சுமந்ததும் அதே ஒட்டகம்தான் என்றும் அறிவித்தார்கள். சுமைக்கெனத் தனி ஒட்டகம் இல்லை. அரபுலகம் முழுவதும் திரும்பிப் பார்த்த தலைவரின் ஹஜ் அது! நம்மில் ஒருவருக்கு இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பெட்டி, போதாதற்குக் கயிறு கட்டிய அட்டைப் பெட்டி ஒன்று.

உடை விஷயத்திலும் இதே கதை. இஹ்ராம் ஆண்களுக்குத் தைக்காத இரண்டு துணிகள். செல்வரும் ஏழையும் அதில் ஒன்று. கையில் இரண்டு ஜோடி இருந்தால் போதும். தடித்த துவாலைத் துணி நனைந்தால் கனக்கும், காய நேரமாகும். மெல்லிய பருத்தியே நலம். மேற்பாதமும் கணுக்காலும் மூடாத செருப்பு ஒரு ஜோடி, பள்ளிவாசலில் அதைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு துணிப்பை. ஸயீயின் ஏழு நடையும் சேர்ந்தால் 3 கிலோமீட்டரைத் தாண்டும். தவாஃபையும் சேர்த்தால் தொடை உரசிப் புண்ணாகும். அதற்கு வாசனையற்ற வாசலின் வேண்டும். இதை வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்லித் தருவதில்லை.

பெண்களுக்கு இஹ்ராமுக்கென்று தனி உடையே கிடையாது. வெள்ளை கட்டாயம் என்று எண்ணிப் புதிதாகத் தைப்பவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். நிறம் எதுவும் விதிக்கப்படவில்லை. முகத்திரையும் கையுறையும் கூடாது, அவ்வளவுதான். வழக்கமாக அணியும் தளர்ந்த பருத்தி உடையும் மக்கனாவும் போதும். கல் பதித்த கனத்த அபாயாவைத் தரையில் இழுபட அணிந்து சென்று, நகரும் படிக்கட்டில் ஓரம் சிக்கித் தடுமாறியவர்களை நாம் கண்டிருக்கிறோம். குளிர்காலமென்றால் மதீனாவின் இரவுக்கு ஒரு கம்பளிச் சால்வை சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைகள் மட்டும் எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. மேலே சொன்ன தாயின் பெட்டி போகும்போதும் ஒரு நாள் தாமதமாகவே வந்தது; மாத்திரைகள் அதற்குள், ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே இருந்தன.

ஹஜ்ஜில் முஸ்தலிஃபா இரவு திறந்த வெளியில். அங்கே பொறுக்க வேண்டியது பொடிக் கற்கள். பன்னிரண்டாம் பிறையன்று மினாவிலிருந்து புறப்படுபவருக்கு 49, பதின்மூன்றாம் பிறைவரை தங்குபவருக்கு 70. அந்த இரவுக்குத் தோளில் மாட்டும் ஒரு சிறு பைக்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை என்பதைச் சென்று வந்த ஒவ்வொருவரும் அறிவர்.

இவ்வாண்டு மதரஸாவில் நடந்த உம்ரா வழிகாட்டி வகுப்புக்கு ஒரு தராசைக் கொண்டு சென்றோம். இரண்டு வாரப் பயணத்துக்கு வேண்டிய உடை, செருப்பு, மருந்து, துவாலை, துஆக் கிதாப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்துக் காட்டினோம். ஏழு கிலோவைத் தாண்டவில்லை. பின் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, "ஹஜ்ரத், இதில பேரீச்சம்பழத்துக்கு எடம் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது உம்மா என்றோம். முஸல்லாவுக்குத்தான் இல்லை, எமக்கும் கொண்டு வராதீர்கள்.