காட்டுல தங்கினதை டாக்டர்கிட்ட ஏன் மறைக்கிறீங்க?

நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும். அணைக்கரையில டென்ட் போட்டு ரீல்ஸ் எடுக்கிறவங்க, "அடுத்த வாரம் போலாமாடே"ன்னு பிளான் போடுறவங்க, அவங்களோட அப்பா அம்மா, எல்லாரும் படிங்க.

எங்க தச்சநல்லூர்ப் பையன் ஒருத்தன். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) எட்டு நாளா காய்ச்சல். முதல்ல மெடிக்கல் ஷாப் மாத்திரை, அப்புறம் ஒரு கிளினிக்ல ஊசி, அப்புறம் "தட்டணு குறையுது, டெங்குவா இருக்கும்"னு ஒரு லேப் ரிப்போர்ட். எங்ககிட்ட வரும்போது மூச்சு வாங்குது, கண்ணு செவந்திருக்கு, பேச்சு குழறுது.

"எங்கயாவது வெளிய போனியா தம்பி? காடு, மலை, தோட்டம்?"

"இல்ல சார்."

அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. "வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை சார்."

சட்டையைக் கழட்டிப் பார்த்தோம், அக்குள்ல ஒண்ணும் இல்ல. ஸ்கிரீனை இழுத்துவிட்டு இடுப்புக்குக் கீழ பார்த்தப்பதான் கிடைச்சது. தொடை இடுக்குல, சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு, சுத்தி சிவப்பு வளையம். வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது. அதனால அது அங்க இருக்குறது அவனுக்கே தெரியாது.

உண்ணிக் காய்ச்சல். நாங்க ஸ்க்ரப் டைபஸ்னு சொல்றது.

அம்மாவை வெளிய உக்காரச் சொல்லிட்டு மறுபடியும் கேட்டேன். அப்புறம்தான் வாயைத் திறந்தான். 18 நாளைக்கு முன்னால ஆறு பேரு, ஒரு நீர்த்தேக்கக் கரையில ரெண்டு ராத்திரி. தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு ஒரு ஆளு கூட்டிட்டுப் போயிருக்காரு. "செக்போஸ்ட் பக்கம் வேண்டாம், ஃபாரஸ்ட்காரங்க பிடிச்சா ஃபைன். எவன்கிட்டயும் மூச்சு விடக் கூடாது"ன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. பாவிப்பய, அந்த ரகசியத்தை ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் காப்பாத்தியிருக்கான்!

இந்த மறைப்போட விலை என்னன்னு சொல்றேன். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து டாக்ஸிசைக்ளின். மலிவான மாத்திரை, அரசு மருத்துவமனையில இலவசம். சரியான நேரத்துல ஆரம்பிச்சா பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும். ஆனா சாதாரணக் காய்ச்சலுக்குன்னு கடையில வாங்கித் திங்கிற அமாக்ஸிசிலினும் செஃபிக்ஸிமும் இந்தக் கிருமிகிட்ட ஒண்ணும் பண்ணாது. தட்டணு இதுலயும் குறையும், அதனால டெங்குன்னு ஏமாந்துபோக எல்லா வாய்ப்பும் இருக்கு. ரெண்டாவது வாரத்துல நுரையீரல், கிட்னி, மூளைன்னு ஏறும். அதுக்கு மேல மாத்திரை பத்தாது, வென்டிலேட்டர் தேடணும். "காட்டுல தங்கினேன் சார்"னு ஒரே வரி சொல்லியிருந்தா அந்த எட்டு நாள் மிச்சம்.

பேருதான் உண்ணிக் காய்ச்சல். மாட்டு உண்ணி இல்ல அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பூச்சியோட குஞ்சுப் பருவம். புல்லு நுனியிலயும் புதர் ஓரத்துலயும் காத்துக்கிட்டு இருக்கும், எலி நடமாட்டம் உள்ள இடத்துல அதிகமா இருக்கும். அணையில தண்ணி வடிஞ்சதும் கரையில முளைக்கிற பசும்புல்லு இருக்கு பாருங்க, நீங்க பெட்ஷீட்டை விரிச்சு நட்சத்திரம் பார்க்கிற இடம், அது இதுக்குத் தோதான இடம். நீங்க விட்டுட்டு வர்ற பரோட்டா மிச்சத்துக்கு எலி வரும், எலியோட பூச்சி வரும். (காட்டுல மட்டும்தான்னு இல்ல, நம்ம ஊரு வயல் வரப்புலயும் வரும். ஆனா வரப்புக்குப் போனதை யாரும் மறைக்கிறதில்ல.)

இப்ப சண்டைக்கு வர்றேன்.

முதல் சண்டை கூட்டிட்டுப் போற ஆளுங்களோட. கையில ஒரு டார்ச்சு, கார்ல ஒரு ஸ்பீக்கர், இதை வெச்சுக்கிட்டு "அமைதியான ஏரிக்கரை கேம்பிங்"னு விளம்பரம் போடுறீங்க. கட்டுவிரியன் ராத்திரியிலதான் நடமாடும், தரையில படுத்திருக்கிறவனைக் கடிக்கும். கடிச்ச தடம்கூட சரியாத் தெரியாது. விடியக்காலம் வயித்துவலி, கண் இமை தொங்குதுன்னு வருவான். விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி பக்கத்துல எது, எத்தனை நிமிஷத்துல போகலாம், அந்த இடத்துல போன்ல சிக்னல் இருக்கா? உங்கள்ல எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? 2018 மார்ச்ல குரங்கணியில காட்டுத்தீ, மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்தாங்க. 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில ரிசார்ட் டென்ட்ல தங்கின ஒரு பெண்ணை யானை கொன்னுச்சு. ரெண்டு நேரமும் ஊரே பொங்குச்சு. அப்புறம் மறந்தாச்சு.

ரெண்டாவது சண்டை "மொத்தமாத் தடை போடு"ன்னு சொல்றவங்களோட. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். களக்காடு முண்டந்துறை 1988ல இருந்து புலிகள் காப்பகம். அதுக்குள்ள ராத்திரி யாரும் திருட்டுத்தனமா நுழையக் கூடாது, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. அங்க இருந்து வர்ற தண்ணியைத்தான் தச்சநல்லூர்ல நானும் குடிக்கிறேன். ஆனா தடை இருந்தும் இந்தப் பையன் போயிட்டு வந்திருக்கானே? தடை அவனைத் தடுக்கல. என்கிட்ட உண்மை பேசுறதை மட்டும் தடுத்துச்சு.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு நம்ம கண்ணு முன்னாலயே இருக்கு. ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் அதே காப்பகத்துக்குள்ளதான் இருக்கு. நெல்லை, தூத்துக்குடியில இருந்து குடும்பம் குடும்பமா வந்து, தாமிரபரணிக் கரையில குடில் போட்டு, பொங்கல் வெச்சு, ராத்திரி தங்குற வழக்கம் தலைமுறை தலைமுறையா உண்டு. கேம்பிங்னு யாரும் அதைச் சொல்றதில்ல, அவ்வளவுதான். அங்க மருத்துவ முகாம் டியூட்டி பார்த்திருக்கேன். பூக்குழி இறங்கின கால் கொப்புளம், பாறையில வழுக்கின முட்டி, வயித்துப்போக்குன்னு வரிசை நிக்கும். "மூணு நாளா ஆத்தங்கரையில கிடக்கோம் டாக்டர், பிள்ளைக்கு நேத்துல இருந்து காய்ச்சல்"னு ஒரு ஆச்சி சத்தமாச் சொல்வாங்க. மறைக்க ஒண்ணுமே இல்ல, ஏன்னா அனுமதியோட வந்தவங்க. எத்தனை நாள் தங்கலாம்னு வனத்துறைக்கும் பக்தர்களுக்கும் வருஷாவருஷம் இழுபறி நடக்கும். பாலித்தீன் தடையையும் தாண்டித்தான் வருது, ஆத்துல துணியை விடுறதும் நிக்கல. குறையில்லாத ஏற்பாடுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கழிப்பறை உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, யாரு எங்க இருக்காங்கன்னு தெரியும்.

2024 அக்டோபர்ல அரசு மலையேற்றத்துக்கு 40 பாதையைத் திறந்துச்சு. ஆன்லைன்ல பதிவு பண்ணணும், கூட வழிகாட்டி வருவாரு. நடக்குறதுக்குச் செய்ய முடிஞ்சது, தங்குறதுக்கு ஏன் முடியாது? காப்பகத்துக்குள்ள வேண்டவே வேண்டாம். மணிமுத்தாறு அணைக்குக் கீழ பூங்கா இருக்கு. அந்த மாதிரி காட்டுக்கு வெளிய ஒரு இடம். இருபது டென்ட், அதுக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது. புல்லு வெட்டின தரை, கழிப்பறை, ஒரு காவலாளி, பேர் எழுதுற நோட்டு. ஸ்பீக்கரும் பாட்டிலும் உள்ள வரக் கூடாது. வெளிய போகும்போது கையில ஒரு சீட்டு: "மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா இதை டாக்டர்கிட்ட காட்டவும்." இதுக்குக் கோடி ரூபாய் தேவையில்ல.

அதுவரைக்கும் நீங்க போகாம இருக்கப் போறதில்ல, எனக்குத் தெரியும். எங்க தங்கினாலும் புல்லுல நேரா உக்காராதீங்க, படுக்காதீங்க. விரிப்பு போடுங்க. முழு பேன்ட் போட்டு, நுனியை சாக்ஸுக்குள்ள விடுங்க. கழட்டின துணியைப் புதர் மேல காயப்போடாதீங்க. டென்ட் ஜிப்பை முழுசா மூடுங்க. பாம்பு கடிச்சா கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, ஆளை நடக்க விடாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் குளிச்சு, எல்லாத் துணியையும் துவைச்சுப் போடுங்க.

மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, டாக்டர் கேக்குறதுக்கு முன்னாலயே நீங்க சொல்லுங்க. அம்மா இருந்தா வெளிய அனுப்பச் சொல்லுங்க, அனுப்புறோம். எந்தக் கேட்டு வழியாப் போனீங்க, என்ன குடிச்சீங்க, கூட யாரு வந்தாங்கன்னு எனக்குத் தேவையில்ல. ஃபைன் போடுறது என் வேலையும் இல்ல.

அந்தப் பையன் பிழைச்சுட்டான். ஆறு நாள் ஐசியூவுல இருந்தான். கூடப் போன மத்த அஞ்சு பேருக்கும் அவன் போன்ல இருந்தே கூப்பிட்டுச் சொன்னோம். ஒருத்தனுக்கு மூணு நாளா காய்ச்சல் இருந்துச்சு.