இலைகளை எண்ணினோம்



தவக்காலம் வந்தால் எமது பங்குகள் பலவற்றில் மதுவிலக்கு உறுதிமொழி எடுக்கப்படுகின்றது. மரியாயின் சேனையினரும் இளைஞர் மன்றத்தினரும் வீடு வீடாகச் செல்வர். பீடத்தின் முன் ஆண்கள் வரிசையாக நின்று வாக்களிப்பர். எத்தனை பேர் கையொப்பமிட்டனர் என்று அறிக்கை எழுதுவோம். நானும் எழுதியவன், 'பெரு வெற்றி' என்ற சொல்லையும் சேர்த்தவன்.

சில மாதங்களின் பின் ஒரு தாய் பங்குமனைக்கு வந்தார். "சுவாமி, உங்கட பட்டியலில அவற்ற பேரும் இருக்கு. இப்ப தவறணைக்குப் போறதில்லை. கசிப்பை வீட்டுக்கே கொண்டுவாறார். முந்தி பிள்ளைகள் நித்திரையான பிறகுதான் வருவார். இப்ப அதுகள் எல்லாத்தையும் பார்க்குதுகள்."

எமது அறிக்கையில் இதை எழுத ஓர் இடமே இருக்கவில்லை.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் தோட்ட உரிமையாளர் அத்திமரத்தில் கனியைத் தேடுகின்றார், இலைகளை எண்ணவில்லை. தோட்டத் தொழிலாளரோ கனியில்லை என்ற உண்மையை மறுக்கவுமில்லை, மரத்தை வெட்ட விடவுமில்லை. கொத்தி எருவிட இன்னும் ஓராண்டு கேட்கின்றார். மதிப்பீடு என்றதும் குறைகாணல் என்று அஞ்சும் எமது தொண்டர்கள் இவரைச் சற்று நோக்கவேண்டும்.

அயர்லாந்தின் கோர்க் நகரில் கப்புச்சின் துறவி தியோபல்ட் மத்தேயு 1838இல் தொடங்கிய இயக்கத்தில் பல இலட்சம் மக்கள் உறுதிமொழி எடுத்தனர். ஆனால் அவர்களைத் தொடர்ந்து தாங்கிநிற்க வலுவான அமைப்பு இருக்கவில்லை. 1845இல் பெரும் பஞ்சம் வந்தது. 1856இல் அவர் இறந்தபோது இயக்கம் பெரிதும் தளர்ந்திருந்தது. 1898இல் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் கலன் டப்ளினில் மீண்டும் தொடங்கியபோது கூட்டத்தைத் தேடவில்லை. நான்கு பெண்களுடன் ஆரம்பித்தார். நாளாந்த செபத்தையும் அவர்களுக்குக் கொடுத்தார்.

ஆகவே கேள்வியை மாற்றுவோம். உழைப்பில் வீட்டுக்கு வரும் பங்கு கூடியதா? அடகுவைத்த நகை மீண்டதா? இரவில் அடி குறைந்ததா? இவற்றைக் குடிப்பவரிடம் மட்டுமன்றி மனைவியிடமும் தனிமையில் கேட்கவேண்டும், கேட்டதை வெளியிடலாகாது. (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எக்கணக்கிலும் வராது.) உறுதிமொழிக்கு முன்னரே ஒருமுறை கேளாவிடில் பின்னர் ஒப்பிட எதுவுமிராது. உறுதிமொழி எடுக்காத அயற்கிராமத்தையும் பார்க்கவேண்டும். மீன்பாடு இல்லாததாலும் அவ்வருடம் குடி குறைந்திருக்கலாம் அல்லவா?

இன்னொன்று. நாட்பட்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிராபத்தும் நேரலாம். அவரைப் பீடத்தின் முன் நிறுத்துமுன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். எத்தனை பேரை அவ்வாறு அழைத்துச் சென்றோம் என்பதும் அறிக்கையில் இருக்கட்டும்.

இவ்வருடம் எமது தொண்டர்கள் சாம்பற் புதனுக்கு முன்னரே வீடுகளுக்குச் செல்கின்றனர். கையில் உறுதிமொழிப் படிவம் இல்லை. தம்மிடம் யார் வந்து கேட்பது நல்லது என்று அத்தாயிடமே வினவினேன். சற்று யோசித்துவிட்டு, அயலிலுள்ள ஒரு விதவையின் பெயரைச் சொன்னார். அப்பெண் எமது தொண்டர் பட்டியலில் ஒருபோதும் இருந்தவரல்லர்.